தராசு இருக்கிற இடத்துக்கு முதலில் போங்கள்

போன வருஷம் ஆடி மாசம் எங்கள் வீட்டில் நான்கு பேருடைய சாப்பாட்டை ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டி வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த தங்கை, ஐந்து மாத வயிற்றோடும் இடுப்பில் இருபது மாதப் பெண் குழந்தையோடும் சாத்தூருக்கு வந்து இறங்கினாள். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். எதிர்வீட்டு அண்ணனுக்கு அந்த வாரம்தான் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்திருந்தது. தனியாக இருப்பவர், எங்கள் வீட்டுச் சோறுதான் அவருக்கும்.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நான் தையல் மெஷினை விட்டு எழுந்தால் வாக்குக் கொடுத்த பிளவுஸ் நிற்கும். அரசாங்கம் தருகிற சத்துணவு வழிகள் நம் ஊரில் ஏராளம். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, டி.பி.க்கான பணம், பள்ளிக்கூடச் சாப்பாடு, அம்மா உணவகம் என்று அடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அரை நாள் போகும், ஆதார் நகல் போகும், சில சமயம் இரண்டு முறை அலைய வேண்டிவரும். அதனால் "எது கிடைக்கும்" என்று நாங்கள் கேட்கவில்லை. யாருக்கு எது முதலில், எதை ஒரு மாசம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை என்பதுதான் கேள்வியாக இருந்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் எடை போட்டு, போன மாசத்து எடையோடு வைத்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் "ஏம்மா ஏறல?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறாரோ, அந்த இடத்துக்கு முதலில் போக வேண்டும். அரிசியும் மாவும் பணமும் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தட்டில் என்ன விழுகிறது என்பதைவிட, விழுந்தது உடம்பில் ஒட்டியதா என்று பார்க்க ஆள் இருப்பதுதான் பெரிது.

பாக்கெட்டும் தட்டும்

அங்கன்வாடியை எங்கள் பக்கம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வோம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54,000 மையங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் முடிந்த குழந்தையிலிருந்து ஆறு வயது வரையும், கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை தாய்மார்களுக்கும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு மையத்திலேயே சூடாகச் சமைத்த மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று முட்டை. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகிற சத்துமாவுப் பாக்கெட். கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்து, வைட்டமினும் தாதுச்சத்தும் கலந்த மாவு அது.

கணக்குப்படி பார்த்தால் இரண்டும் சமம். 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அட்டவணையில் போட்ட அளவு இது: மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். மூன்று வயதுக்கு மேல் உள்ள குழந்தைக்கும் அதே 500தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். ரொம்ப மெலிந்த குழந்தை என்றால் 800.

வீட்டுக்குள் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. தட்டில் விழுந்த சோறு அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டிவிடுவார். பாக்கெட் அப்படியில்லை. அது சமையல்கட்டு அலமாரிக்கு வருகிறது. வந்தால் அது வீட்டு மாவு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு உருண்டை, காய்ச்சலில் கிடக்கிற ஆத்தாவுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. யாரும் திருடவில்லை, யாரும் கெட்டவர்களும் இல்லை. பகிர்ந்து சாப்பிடுவது நம் பழக்கம். ஆனால் அந்த 500 கலோரியும் ஒரு குழந்தைக்கு என்று கணக்குப் போட்டு அனுப்பியது.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். ஆடியில் குழந்தையைக் கொண்டுபோனபோது டீச்சர் கொக்கியில் மாட்டிய தராசில், துணித்தொட்டிலில் உட்காரவைத்து எடை போட்டார். 8.7 கிலோ. இந்த வயதுக்குச் சராசரி 10.6 கிலோ, ஆனாலும் எடை அட்டையில் பச்சைக்குள்தான், அதாவது பயப்பட வேண்டாத பட்டைக்குள்தான் இருக்கிறாள் என்றார். நாங்கள் நிம்மதியாக மாவுப் பாக்கெட்டோடு வந்துவிட்டோம். ஆவணியில் மறுபடி போனோம். முள் அதே 8.7-இல் நின்றது. கொலுசைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை போட்டார். அப்பவும் அதே. டீச்சர் செல்போனில் எண்ணை ஏற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்துக் கேட்டார்:

"மாவை யாரும்மா சாப்பிடுறா?"

தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "பச்சைலதானே டீச்சர் இருக்கா" என்றாள். "பச்சைதான் தாயி. ஆனா இந்த வயசுல மாசத்துக்கு இருநூறு கிராமாவது ஏறணும். அடுத்த மாசமும் இப்படியே நின்னா மஞ்சளைத் தொட்டுருவா. அப்புறம் ஏத்துறது கஷ்டம்."

அந்தக் கேள்வி ஒரு பாக்கெட் மாவைவிடப் பெரிய உதவி என்று எனக்கு அன்று தோன்றியது. அப்போது அம்மா ஒரு பழைய விஷயத்தைச் சொன்னார். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. மதுரை, ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் நடந்தது. சாத்தூர் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாசா மாசம் எடை போடுவார்கள். எல்லோருக்கும் உணவு கிடையாது. ரொம்ப மெலிந்த பிள்ளைக்கும், எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கும் மட்டும் 90 நாள் லட்டு மாதிரி சத்துருண்டை தருவார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். குழந்தை ஒல்லியா குண்டா என்பதைவிட, போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் ஏறியதா என்பதுதான் அங்கே முக்கியம். நானும் அந்தத் தராசில் தொங்கியவள்தானாம். அந்த நாள் டீச்சர்கள் பிடித்த விஷயம் இன்றைக்கும் சரி. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

குழந்தைக்கு எது என்று யாராவது கேட்டால், இரண்டு வயது ஆகியிருந்தால் பாக்கெட்டை நம்பாமல் தட்டுக்கே அனுப்புங்கள் என்பேன். தூரமாக இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். இரண்டுக்குக் கீழே இருந்தால் மாவு வாங்குங்கள், ஆனால் தனி டப்பா, தனிக் கரண்டி. நாங்கள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக் குழந்தையின் பேரை மேலே எழுதி வைத்தோம். வெறும் கஞ்சியாகக் காய்ச்சினால் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கமாட்டாள். தண்ணீர் அதிகம், வயிறு நிறைந்துவிடும், சத்து குறைவாகத்தான் போயிருக்கும். புட்டு மாதிரி ஆவியில் வேகவைத்து ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தபோது சாப்பிட்டாள். பருப்புச் சோற்றிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய், நடுநடுவே அவித்த முட்டையில் பாதி. இந்த ஊரில் கடலைக்கும் பஞ்சமில்லை, வறுத்துப் பொடித்துச் சேர்த்தோம். முழுக் கடலையாகக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.

கையளவு நாடா பற்றியும் சொல்லவேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையின் மேல்கை சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலோ, இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தாலோ, மாவா தட்டா என்ற பேச்சே கூடாது. அது ஆஸ்பத்திரி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனி வார்டு உண்டு. "ஊட்டச்சத்தை உறுதி செய்" என்று 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடிப் பிடித்து டாக்டரிடம் அனுப்புவதுதான் முக்கிய வேலை. அனுப்பினால் தட்டிக்கழிக்காமல் போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கிற சத்துப்பொடி டின் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரில் ஒரு தனியார் கிளினிக்கில் எழுதிக்கொடுத்தார்கள் என்று தங்கை மூன்று மாசம் அதை வாங்கியிருக்கிறாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொருள்பட்டியலில் இரண்டாவதாகவே சர்க்கரை. அந்த விலைக்கு முட்டையும் பாசிப்பயறும் வாங்கியிருந்தால் மூன்று மாசமும் குழந்தை நன்றாகச் சாப்பிட்டிருக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. பிள்ளை ஏறவில்லையே என்ற பயத்தில் இருக்கிற தாயிடம் எதையும் விற்றுவிடலாம், எனக்கு அதுதான் வருத்தம்.

கர்ப்பிணிக்கு இரண்டும், ஆனால் பரிசோதனை முந்தி

கர்ப்பிணிக்கு இரண்டு இடத்தில் கிடைக்கும். அங்கன்வாடியில் சத்துமாவு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாக டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்: 2018 முதல் மொத்தம் ₹18,000, அதில் ₹4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். பெட்டகத்தில் தாய்மாருக்கான சத்துப்பொடி, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், குடற்புழு மாத்திரை எல்லாம் இருக்கும். ஒன்றை வாங்கினால் மற்றது வராது என்று எங்கள் தெருவில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு, இரண்டும் தனித்தனி. இரண்டையும் வாங்கலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தருகிற பிக்மி எண் ஒன்று எடுத்துவிட்டால் அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. திருப்பூரில் எடுத்த எண்ணை வைத்தே சாத்தூர்ப் பக்கம் நர்ஸம்மா எழுதிக்கொண்டார், புதிதாக எடுக்கச் சொல்லவில்லை.

எதற்கு முதல் அரை நாள் கொடுப்பது என்றால், நான் சுகாதார நிலையத்துக்கே கொடுப்பேன். பெட்டகத்துக்காக அல்ல, ரத்தம் எடுப்பதற்காக. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் எடுத்தபோது தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். முகத்தைப் பார்த்து அது தெரியாது. தங்கைக்கு ஹீமோகுளோபின் 9.4தான் இருந்தது. நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்குவதை வயிறு பெரிதாவதால் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து சர்க்கரைப் பரிசோதனை. எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். ஒரு டம்ளர் தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்துவிட்டு வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. அவளுக்கு 148.

இந்த ஒரு எண் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது. அங்கன்வாடி மாவில் வெல்லம் இருக்கிறது. பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. நல்லது என்று நினைத்து நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருந்த மாவுக் கஞ்சியும் அவளுக்கு ஏற்றிவிட்டிருக்கலாம். டாக்டர் மாவைக் கஞ்சியாகக் குடிப்பதை நிறுத்தச் சொன்னார். சோற்றை மூன்று வேளையிலிருந்து பிரித்து, இடையில் சுண்டல், முட்டை, மோர் என்று எழுதிக்கொடுத்தார். இரும்பு மாத்திரையை டீயோடு போடக்கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். இது எத்தனையோ பேருக்குத் தெரியாது. மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே டீயைக் குடித்தால் சத்து சேராது.

பெட்டகம் பத்து நாள் தாமதமாக வந்தது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. குளுக்கோஸ் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தால் கெட்டிருக்கும்.

அப்பா குடித்த கஞ்சி

மாவு எங்கே போனது என்பதற்கு வருகிறேன். டீச்சர் கேட்ட அன்று இரவு பத்து மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அப்பா நின்றுகொண்டு கஞ்சி கலக்குகிறார். "கேவுரு மாவுதானே, சர்க்கரைக்கு நல்லதுன்னாங்க" என்றார். மாத்திரை போட்டால் இரவில் பசி எடுக்கிறது, எழுப்பிக் கேட்கவும் கூச்சம். ஆறு வாரமாகக் குடித்திருக்கிறார், வெல்லம் கலந்த மாவை.

அப்பாவுக்கு இருந்த வழிகளையும் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தோம். ரேஷனில் அரிசி இலவசம், பருப்பு கிலோ ₹30, பாமாயில் லிட்டர் ₹25. குடும்பத்துக்குப் பெரிய தாங்கல்தான், 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசிக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அரிசி மலிவாகக் கிடைப்பது ஒரு விதத்தில் சிக்கல், தட்டு நிறையச் சோறு வைக்கத்தான் தோன்றும். இருப்பு இருந்தால் அரிசிக்குப் பதில் கொஞ்சம் கோதுமை கேட்டு வாங்கலாம். நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023 மே முதல் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தருகிறார்கள். எங்களுக்கும் வந்தால் நன்றாக இருக்கும். இன்னொன்று: ரேஷனில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசியும் வந்திருக்கிறது. கழுவும்போது சில மணிகள் மிதந்தால் பிளாஸ்டிக் என்று வீசிவிடாதீர்கள், அது சத்து சேர்த்த மணிதான். வீட்டில் தலசீமியா உள்ளவர் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா உணவகம் 2013-இல் சென்னையில் தொடங்கியது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி. தனியாக இருக்கிற முதியவருக்கும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவருக்கும் அதைப்போல் இன்னொன்று இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது கைக்கெட்டும். எங்களுக்கு உதவாது.

அப்பா விஷயத்தில் தராசு வேலையைச் செய்தது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். அதில் சாப்பாடு எதுவும் கிடையாது. ஆனாலும் அப்பாவுக்கு இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். மாத்திரை கொண்டுவருகிற அக்கா வாசல் திண்ணையில் உட்காரவைத்து விரல் நுனியில் குத்திப் பார்த்தார். 268. முந்தின தடவை 180-க்குள் இருந்தது. "என்னப்பா புதுசா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பால்வாடி டீச்சர் கேட்ட அதே கேள்வி. அந்த வாரத்திலிருந்து அப்பாவுக்கு இரவில் ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையும் மோரும் எடுத்து வைக்கிறோம். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் மேஜைமேல் இருக்கும். மாவு டப்பாவை அவர் தொடுவதில்லை.

சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கொண்டைக்கடலை யோசனையும் பொருந்தாது. அவர்களுக்குப் புரதம், பொட்டாசியம் இரண்டுமே அளவு பார்த்துத்தான். அங்கே பொது விநியோக உணவு எதையும் ஒப்பிடுவதில் பயனில்லை, டாக்டர் எழுதிக்கொடுக்கிற தாள்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இல்லை என்பதால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1982-இல் சத்துணவாக விரிந்த மதிய உணவும், 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இருக்கின்றன. காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. இதில் முடிவெடுக்க ஒன்றும் இல்லை. பிள்ளையை நேரத்தோடு அனுப்புங்கள், அவ்வளவுதான். "வீட்டில் சாப்பிட்டுப் போ" என்று கௌரவத்துக்காகத் தடுக்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் அந்தப் பிள்ளை பழைய சோறும் இல்லாமல் போவதையும் பார்த்திருக்கிறேன்.

எதிர்வீட்டு அண்ணன்: பணமா, பையா, படுக்கையா

டி.பி.க்கு உணவு உதவி இரண்டு வகையாக வருகிறது. ஒன்று வங்கிக் கணக்கில் பணம். 2018 ஏப்ரல் முதல் மாசம் ₹500 இருந்தது, 2024 நவம்பர் முதல் ₹1,000 ஆனது. அதை மாசா மாசம் தராமல் மொத்தமாகத் தருகிறார்கள்: நோய் உறுதியானதும் ₹3,000, 84 நாள் மருந்து முடித்ததும் இன்னொரு ₹3,000. மற்றொன்று, நிக்‌ஷய் மித்ரா என்று 2022 செப்டம்பரில் வந்த ஏற்பாடு. யாராவது நன்கொடையாளர் பொறுப்பெடுத்துக்கொண்டு மாசா மாசம் பருப்பு, எண்ணெய், தானியம் என்று பை கொடுப்பார்கள்.

பொதுவாகப் பணத்தைவிடப் பைதான் வயிற்றுக்குப் போகும் என்று நான் நினைப்பேன். கடன் உள்ளவனுக்குக் கணக்கில் விழுந்த பணம் சாப்பாடாக மாறுவது அபூர்வம். ஆனால் அண்ணன் பை வேண்டாம் என்றார். கொடுக்க வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள், தெருவுக்கே தெரிந்துவிடும், நாளைக்கு டீக்கடையில் டம்ளரைத் தனியாக வைப்பார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். போட்டோ வேண்டாம், சுகாதார நிலையத்திலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பை. இல்லையென்றால் பணத்தை வாங்கி, நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பேசிக்கொள்வது நல்லது. அண்ணன் அப்படித்தான் செய்தார், அந்த வீடு எங்களுடையது.

ஆனால் இந்த இரண்டையும் பேசிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் அவரை எடை மிஷினில் ஏற்றினார். 38 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அதாவது 38-ஐ 1.65-ஆல் இரண்டு தடவை வகுத்தால், 13.96. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரல் முதல் நடக்கிற காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இந்த எண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மிகக் கடுமையான ஊட்டக்குறைவு. வீட்டில் மருந்து கொடுத்து அனுப்பமாட்டார்கள், படுக்கையில் சேர்க்கப் பார்ப்பார்கள். அவர் நடந்து வந்தார், பேசினார், சிரித்தார். எடை போடாமல் இருந்திருந்தால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். பணமா பையா என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு மூன்றாவதாக ஒரு பதில் அங்கே கிடைத்தது: முதலில் ஆஸ்பத்திரிப் படுக்கை.

ஜார்க்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. டி.பி. நோயாளிக்கு மாசம் 10 கிலோ உணவுப் பை. ஆய்வில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மட்டும், வீட்டில் கூட இருக்கிறவர்களுக்கும் தலா 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும். அந்தக் குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்கள் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அண்ணனுக்கு அந்த 5 சதவீதம் என்றால் 1.9 கிலோ. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், பிறகு எங்கள் வீட்டில் தினமும் இரண்டு முட்டை, கடலை உருண்டை, இரவில் பால். இரண்டு மாசம் முடிந்த அன்று மிஷின் 40.5 காட்டியது. ஏறி நின்றவர் இறங்கவே இல்லை, குனிந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது கூட இருக்கிறவர்களையும் கணக்கில் எடுத்ததுதான். நம் பக்கம் நோயாளிக்கு மட்டும் பணம் வருகிறது. அவருக்கு வருகிற முட்டையை அவர் தன் பிள்ளைக்கு உடைத்துக் கொடுப்பார். எந்தத் தகப்பனும் அப்படித்தான் செய்வான். டி.பி. வீட்டில் குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையைத் தனியாக அங்கன்வாடித் தராசுக்குக் கொண்டுபோங்கள்.

தராசைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கிறது. குழந்தையை மாட்டும் முன் வெறும் தொட்டிலோடு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை எங்கள் மையத்தில் 200 கிராம் தள்ளி நின்றது, சொன்னதும் டீச்சர் திருகித் திருத்தினார். ஒரு மாசம் முழுக்க ஏற வேண்டிய எடை அது. கொலுசு, அரைஞாண் கயிற்றில் தொங்குகிற தாயத்து, நனைந்த ஜட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மாசா மாசம் ஏறக்குறைய அதே நேரத்தில் போங்கள், வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம்.

குழந்தை புரட்டாசியில் 8.9, ஐப்பசியில் 9.2, கார்த்திகையில் 9.4. அந்தக் கார்த்திகையில்தான் அவளுக்கு இரண்டு வயது முடிந்தது, தட்டு கிடைத்தது, தம்பியும் பிறந்தான், 2.8 கிலோ. மாசி கழிந்து தங்கை திருப்பூருக்குத் திரும்புகிறாள். போனதும் அங்குள்ள மையத்தில் பேர் கொடுத்தால் இங்கிருந்து செல்போன் கணக்கிலேயே மாற்றிவிடுகிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் தாய் சேய் நல அட்டையின் கடைசிப் பக்கத்தில் ஐந்து மாசத்து எடையையும் தேதியோடு பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். கீழே ஆறாவது வரியைக் கோடு போட்டு விட்டிருக்கிறேன்.